காற்றும் கானும்: பழைய தேயிலை ஸ்டோரைத் திறப்பதற்கு முன்

இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று சொல்பவர் குறைவு. ஸ்டோர்தான். வயதானவர்கள் வாயில் இஸ்டோரு. கோப்பிக் காலத்துச் சொல் அது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. கோப்பிக் கொட்டையைக் காயவைத்துச் சுத்தம் செய்த கட்டடத்தின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்து, தேயிலை ஆலையின் மேல் ஒட்டிக்கொண்டது.

அந்த ஸ்டோர்களில் எத்தனையோ இன்று பூட்டிக் கிடக்கின்றன. பல தோட்டத்துக் கொழுந்தை ஒரே ஆலைக்கு லொறியில் அனுப்பும் வழக்கம் வந்தபின், சின்ன ஸ்டோர்களுக்கு வேலை இல்லாமல் போனது. பூட்டிய கட்டடத்தில் முதலில் போவது பித்தளை, பிறகு மோட்டார், பிறகு கூரைத் தகரம். தகரம் போய்விட்டால் மூன்று மழைக்காலம் போதும், பலகைத் தளம் கீழே வந்துவிடும்.

மாற்றிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர், 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996இல் விடுதியானது. வெளியே பார்த்தால் தகரச் சுவரும் ஜன்னல் வரிசையும் பழையபடியே இருக்கின்றன. உள்ளே இரும்புச் சட்டகத்தை மறைக்காமல் நடுவில் திறந்துவிட்டிருக்கிறார்கள். தேயிலைச் செடி சுவர் ஓரம்வரை நிற்கிறது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒரு ஸ்டோரைத் திறக்கலாம் என்று வருபவர்கள், பெயின்ட்டுக்கும் படுக்கைக்கும் கணக்குப் போடுமுன் இரண்டு விஷயத்தைப் படித்தாக வேண்டும்: கட்டடத்துக்குள் காற்று எப்படிப் போகிறது, கட்டடத்தைச் சுற்றித் தண்ணீர் எப்படிப் போகிறது. தோட்டத்துப் பேச்சில் தண்ணீர் போகும் வடிகாலுக்குக் 'கான்' என்று பெயர். காற்றையும் கானையும் கெடுக்காத வரை மற்ற எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம்.

அரை டன் தண்ணீர்

கீழ்த்தளத்தில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர், உலர்த்தும் டிரையர், எஞ்சின் எல்லாம் கனமான சாமான்கள். மேலே இரண்டு மூன்று மாடி முழுக்கக் கொழுந்து வாட்டும் இடம். இரு பக்கமும் இடைவிடாமல் ஜன்னல். வெயில் நாளில் ஜன்னலைத் திறந்தால் போதும். மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, டிரையர் பக்கத்துச் சூட்டுக் காற்றைத் தளத்தில் விட்ட திறப்பு வழியாக மேலே இழுத்து, வெளிக்காற்றோடு கலந்து, மாடியின் நீளத்துக்கும் ஓடவிட்டு, முக்கோணச் சுவரில் பதித்த பெரிய விசிறியால் வெளியே தள்ளுவார்கள்.

பறித்து வந்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். வாடி முடிந்ததும் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும். 1000 கிலோ கொழுந்து போட்டால், விடிவதற்குள் சுமார் 500 கிலோ நீர் ஆவியாகி அந்தக் கட்டடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். நாள் தவறாமல் பல பத்தாண்டு காலம் அப்படிப் போனது. ஒரு பலகையும் உளுக்கவில்லை.

அதே கட்டடம் விடுதியானபின் இரண்டு பேர் விடும் மூச்சில் அழுகுகிறது. இருவர் உறங்கும் அறையில் ஓர் இரவில் மூச்சிலிருந்தும் உடலிலிருந்தும் சுமார் அரை லிட்டர் நீராவி வரும். வெந்நீர்க் குளியல் அதற்கு மேல். அறைக்கு அறை தடுப்பு, கீழே கம்பளம், மேலே ஜிப்சம் கூரை என்று அடைத்தபின் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை. பொய்க்கூரையின் இடுக்கு வழியே மேலேறி, அதிகாலையில் பனிபோல் குளிர்ந்திருக்கும் தகரத்தில் முத்து முத்தாகப் படிந்து, சொட்டுகிறது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துப் புதுத் தகரம் போடுவார்கள். சொட்டு நிற்காது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மழையோடு சொட்டினால் ஓட்டை. மழையே இல்லாத தெளிந்த இரவு முடிந்து விடிகாலையில் சொட்டினால் வியர்வை.

தீர்வு பழைய காற்றுவழியிலேயே இருக்கிறது. தகரத்துக்கும் அதன் கீழ் வைக்கும் வெப்பக்காப்புக்கும் நடுவே தாழ்வாரத்திலிருந்து முகடுவரை தடையில்லாமல் 50 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஆவி புகாத தாள் அறையின் பக்கம், அதாவது வெப்பமான பக்கம் வர வேண்டும். தகரத்தை ஒட்டிப் போட்டால் ஆவி நடுவில் மாட்டிக்கொண்டு காப்புப் பஞ்சு ஊறிவிடும். குளியலறைக் காற்றுக் குழாய்களை முக்கோணச் சுவரின் பழைய விசிறி வட்டத்துக்குக் கொண்டுபோகலாம், சுவரில் புதுத் துளை தேவைப்படாது. குழாய்க்கு உறை போட்டு, வெளிப்பக்கம் சற்றே சரிவாக வைக்க வேண்டும். மட்டமாக வைத்தால் குழாய்க்குள் படியும் நீர் திரும்பி வந்து விசிறியைக் கெடுக்கும். அறைத் தடுப்பு ஜன்னலின் நடுக்கண்ணாடியில் போய் முட்டாமல், இரண்டு ஜன்னலுக்கு இடைப்பட்ட கட்டையில் முடிய வேண்டும். அதற்காக அறை அரை மீட்டர் சிறுத்தாலும் பரவாயில்லை. குளிரைத் தடுக்கப் பழைய ஜன்னலைப் பிடுங்கி அலுமினியம் வைப்பதை விட, உள்ளே 100 மி.மீ. தள்ளி இரண்டாவது கண்ணாடிக் கதவு வைப்பது நல்லது. வெளிச்சட்டத்தின் மேலும் கீழும் மெல்லிய கீற்று விட்டால் நடுவில் பனி படியாது.

மேல்மாடிப் பலகை

வாட்டும் மாடியின் பலகையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒவ்வோர் ஆணித் தலையைச் சுற்றியும் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். கொழுந்துச் சாற்றின் துவர்ப்பும் ஆணி இரும்பும் ஈரத்தில் கலந்து உண்டான நிறம் அது. பழைய எழுத்து மையும் இப்படித்தான் செய்யப்பட்டது. ஒரு மாடி முழுக்க ஆயிரக்கணக்கில் மைப்பொட்டு. இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்றினால் ஒரே நாளில் அது போய்விடும், பலகை புதுக்கடைச் சாமான்போல் ஆகிவிடும். தேய்க்காதீர்கள். உலர்ந்த தூரிகை, பிறகு பிழிந்த ஈரத்துணி, பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். ஆனால் வட்டம் பெரிதாக இருக்கும் ஆணிகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஊசிபோல் மெலிந்திருக்கும். அவற்றின் பக்கத்தில் திருகாணி போட்டுப் பழைய ஆணியை அப்படியே விடலாம்.

பலகையைவிட அதன் சுமைக் கணக்குதான் பெரிய ஆபத்து. பழைய முறையில் சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் சதுர மீட்டருக்குச் சுமார் அரை கிலோ கொழுந்தைத்தான் தூவினார்கள். பத்துப் பதினைந்து அடுக்கு என்றாலும் பத்து கிலோவைத் தாண்டாது. பிற்காலத்தில் விசிறி வைத்த நீளத் தொட்டிகள் வந்தபோது அது 25, 30 கிலோவானது. விடுதி அறைக்குக் கட்டட விதி கேட்பது 200 கிலோ. கூட்டம் கூடும் மண்டபத்துக்கும் காட்சிக்கூடத்துக்கும் 400 முதல் 500 கிலோ. இலைக்காகப் போட்ட தளத்தில் குளியல் தொட்டியை வைக்க நினைப்பவர் இந்த எண்களைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கணக்கோடு நிற்காமல் ஒரு சோதனையும் செய்யலாம். கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் பலகை ஓரம் கட்டித் தளத்தின்மேல் ஆழமில்லாத தொட்டிபோல் அமைத்து நீர் விடுங்கள். 5 செ.மீ. நீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ, 20 செ.மீ. என்றால் 200 கிலோ. ஒரேயடியாக நிரப்பக் கூடாது. 5 செ.மீ. ஏற்றி, ஒரு மணி நேரம் பொறுத்து, கீழ்த்தளத்திலிருந்து உத்திரத்தின் தொய்வை அளந்து, பிறகு அடுத்த 5. கீழே முட்டுக்கால் கட்டி, உத்திரத்துக்கும் முட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்க வேண்டும். 4 மீட்டர் உத்திரம் 11 மி.மீ.க்கு மேல் தொய்ந்தால் நிறுத்திவிடலாம். நீரை வடித்து ஒரு நாள் கழிந்தும் தொய்வு பெரும்பகுதி திரும்பாவிட்டால் மரத்திலோ மூட்டிலோ கோளாறு.

பலம் போதாதபோது பலகைமேல் கான்கிரீட் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. 50 மி.மீ. கான்கிரீட்டே சதுர மீட்டருக்கு 120 கிலோ. தாங்க வேண்டிய சுமையில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். ஈரத்தையும் மரத்துக்குள் பூட்டிவிடும். குளியலறைகளை எல்லா மாடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்கி, அந்த வரிசைக்கு மட்டும் சொந்த அஸ்திவாரத்தோடு புது இரும்புச் சட்டகம் நிறுத்துவது நல்ல வழி. மிச்ச மாடி அதன் பழைய எடையோடு நிம்மதியாக இருக்கும். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் ஓர் இடத்தில்தான் தேட வேண்டும்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தடித்த மரத்துக்கு நெருப்பில் நல்ல பொறுமை உண்டு. கடினமரம் நிமிடத்துக்கு அரை மி.மீ. அளவில்தான் கருகும். பயப்பட வேண்டியது தளத்தில் உள்ள திறப்புகளுக்கும், உத்திர மேட்டிலும் சுவர் இடுக்கிலும் பல்லாண்டாகப் படிந்த இலைநார்ப் பஞ்சுக்கும்தான். அது ஈரத்தையும் உறிஞ்சும், பொறி பட்டால் பிடித்தும் கொள்ளும். எந்த வெல்டிங் வேலைக்கும் முன் அதை உறிஞ்சு இயந்திரத்தால் எடுத்துவிட வேண்டும். நீர் அடித்தால் சேறாகி இடுக்கில் ஒட்டிக்கொள்ளும்.

தகரம்

பழைய நெளிதகரத்தின் அலைக்கு அலை தூரம் 3 அங்குலம், 76 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும் பட்டைத் தகரம் அதோடு பொருந்தாது. பொருந்தாததை மேலே ஏற்றினால் மடிப்பு வழியே காற்று மழையை உள்ளே தள்ளும். எனவே ஒரு சரிவு முழுக்கப் புதிதாகப் போடுங்கள், அல்லது முழுக்கப் பழையதை வையுங்கள். பின்பக்கச் சரிவில் நல்ல நிலையில் உள்ள தகரத்தைக் கழற்றி முன்பக்கத்தைச் சரிசெய்து, பின்பக்கத்துக்குப் புதியதை வைக்கலாம்.

ஆணியும் கொக்கித் திருகும் அலையின் மேட்டில்தான் வர வேண்டும். பள்ளத்தில் அடித்தால் நீர் ஓடும் வாய்க்காலில் துளை போட்டதாகும். நீளவாக்கில் 150 மி.மீ. மேலேறட்டும், பக்கவாட்டில் ஒன்றரை அலை. மலைக்காற்று அடிக்கும் பக்கம் இரண்டு அலை.

தகரத்தைத் தின்பவை நாலு: மேலே ஓடும் செம்புக் குழாயிலிருந்து வடியும் நீர், செம்பு உப்பு ஏற்றிய புதுமரம், ஈரமான சிமெண்ட், தேங்கிய சருகு. முதல் மூன்றும் செப்பனிட வந்தவர்களே கொண்டுவருபவை. புது நாகமுலாம் தகரத்தில் சாதாரண எனாமல் பெயின்ட் நேராக அடித்தால் ஓரிரண்டு ஆண்டில் தோல்போல் உரியும். முலாமுக்கென்று உள்ள அடிப்பூச்சு வேண்டும். பழைய தகரத்திலும் இரும்பிலும் சிவப்பு ஈயப் பூச்சு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, உலரத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சேர்த்து எடுக்க வேண்டும். தேயிலைத் தூர் அருகே அது விழக் கூடாது.

தூணின் அடியையும் பார்க்க வேண்டும். தினமும் கழுவிவிட்ட நீர் ஓடிய இடம் அது. தரைக்குள் போகும் இடத்தில் தூண் இடுப்பு மெலிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சுற்றி ஒரு சாண் தரையை உடைத்துப் பார்த்து, துருவை நீக்கி, மெலிந்த இடத்தில் தகடு இணைத்து, சரிவான மேடை கட்டி நீரை விலக்க வேண்டும். வார்ப்பிரும்பு என்றால் சாதாரண வெல்டிங் வைக்காதீர்கள், விரிசல் விடும். திருகிப் பூட்டும் பட்டை போடலாம்.

பழைய டிரையரின் கதவு விளிம்புக் கயிறும் சூட்டுக்குழாய் உறையும் பெரும்பாலும் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்). துளையிடுவதும் பிய்ப்பதும் வேண்டாம். நனைத்து, இரட்டை உறையில் கட்டி, தெரிந்தவர்களைக் கொண்டு அகற்ற வேண்டும்.

இயந்திரம் என்று வரும்போது எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பெல்ஃபாஸ்ட் சிரோக்கோ டிரையரைப் பளபளப்பாக்கி வரவேற்பறையிலும், மார்ஷல் ரோலரை முற்றத்தில் பூச்சட்டியாகவும் சிதறவிடுவதில் பயனில்லை. எஞ்சினிலிருந்து பெரிய சக்கரம், உத்திரத்தோடு ஓடும் தண்டு, வார்ப்பட்டை, ரோலர் என்று ஒரே ஒரு சங்கிலியையாவது அறுக்காமல் அதே இடத்தில் விட்டால், பார்க்க வரும் குழந்தைக்கும் ஸ்டோர் எப்படி ஓடியது என்று புரியும். தூணில் பென்சிலால் எழுதிய எடைக்கணக்கு கிடைத்தால் அதன்மேல் பெயின்ட் ஏறாமல் கண்ணாடி போடுங்கள்.

கானும் பூவும்

கருங்கல் அடிச்சுவர் நனைவதற்குக் காரணம் சுவரில் இருக்காது. ஐம்பது அடி மேலே, மண் மூடிய கானில் இருக்கும். சரிவுக்குக் குறுக்கே 120 அடிக்கு 1 அடி என்ற மெல்லிய வாட்டத்தில் வெட்டிய கான்கள், வண்டல் குழிகள், அவற்றின் நீரை வாங்கி நேராக மலையிறங்கும் கல்பாவிய பெருங்கான் என்று முன்னோர் ஒரு கணக்கோடு வெட்டி வைத்தார்கள். கொழுந்து பறிப்பு நின்றபின் அது தூர்ந்து, நீர் ஸ்டோரின் முதுகில் வந்து முட்டுகிறது. உள்ளே ஈரத்தடுப்புப் பூச்சு எத்தனை அடித்தாலும் பிரயோசனமில்லை. முதல் மாதச் சம்பளத்தைக் கான் வெட்டுகிறவர்களுக்குக் கொடுங்கள். சுவர் அதன்பின் ஒரு வறட்சிக்காலம் முழுக்கக் காயட்டும். பிறகுதான் சாந்து.

சாந்துக்கு சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2. மலைக்குளிரில் வெறுஞ்சுண்ணாம்பு இறுக மாதக்கணக்காகும், செங்கல் தூள் அதை ஈரத்திலும் இறுகவைக்கும். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டிவிட்டு நிரப்ப வேண்டும். சிமெண்ட் வேண்டாம்.

அந்தச் சாந்து தோட்டத்துக்கு எதிரி. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5. சாந்து குழைத்த இடமும் உடைத்த காரையும் மழையில் கரைந்து சரிவில் இறங்கினால், கீழ் வரிசைச் செடி மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று உரம் போடுவார்கள், பலிக்காது. தகரத் தட்டில் குழைத்து, கழிவை மூட்டையில் கட்டி வெளியேற்றுவதே வழி. இதற்குத் தோட்டத்திலேயே ஒரு காவலாள் உண்டு. குளிர்ந்த மலையில் ஸ்டோர் வாசலிலும் பங்களா ஓரத்திலும் நிற்கும் ஹைட்ராஞ்சியா, புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கும். சுண்ணாம்பு எட்டினால் ரோஜா நிறத்துக்கு மாறும். வேலை தொடங்குமுன் எந்தப் புதர் என்ன நிறம் என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் சுவரின் ஒரு மூலையில் மட்டும் நிறம் மாறினால் காரை எங்கே புதைந்திருக்கிறது என்று அந்தப் பூவே காட்டிவிடும்.

கைவிட்ட தேயிலை மரமாக வளர்ந்து நிற்கும். பழைய விதைச்செடி என்றால் நூறு வயதும் இருக்கும், ஒன்றைப்போல் ஒன்று இராது. அதைப் பிடுங்கிவிட்டு ஒரே மாதிரிக் குளோன் நடுவது பெரும் இழப்பு. ஒரே வெட்டில் முழங்கால் உயரத்துக்கு இறக்கும் முன், விரல் பருமன் வேரில் ஒரு துண்டு நறுக்கி அயோடின் விட்டுப் பார்க்க வேண்டும். கருநீலம் ஏறினால் மாவுச்சத்து இருக்கிறது, செடி தாங்கும். நிறம் ஏறாவிட்டால் வெட்டிய செடி தளிர்க்காமலே காய்ந்துவிடும், அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வெட்டு சாய்வாக இருக்கட்டும். ஓரிரண்டு கிளையை இலையோடு விட்டுவைத்து, வெட்டிய கொப்பையே வெயில் படாமல் மேலே மூடி, தண்டின் பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். செடி செத்துப்போன வெற்றிடத்தில் உடனே நடாமல், மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வளர்த்து வெட்டிப் பரப்பினால் மண் திரும்பும்.

மலையில் டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டஸ் மரங்கள் ஸ்டோருக்கு மிக அருகில் இருந்தால் இறக்கிவிடலாம், அவற்றின் பட்டையும் சருகும் கூரை நீரை வாங்கும் பீலியை அடைக்கும். நிழல் மரங்களை விடுங்கள்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டோரை ஓட்டியவர்கள் காம்பரா என்ற பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குடும்பத்தோடு இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள். ஸ்டோரைப் புதுப்பிக்கும் திட்டத்தில் லயத்தையும் அழகிய பழமையாகக் காட்டிப் படம் வரைகிறார்கள் சிலர். குடியிருப்பவர்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் கைக்கு வருமுன் அந்தச் சுவரில் யாரும் சுண்ணாம்புகூட அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டிரையரின் முன் நின்றவர், ரோலரை இயக்கியவர், எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவர் எல்லாம் அந்த லயத்தில்தான் இருப்பார்கள். எந்தத் திறப்பு எந்த வானிலையில் மூடப்பட்டது, எந்த மூலையில் எப்போதும் ஈரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வரைபடம் போடும் முன் அவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்து மாடி மாடியாக நடக்கவிட்டுக் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாகக் காலக்கணக்கு. நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வறட்சி. கானை அதற்கு முந்திய மழையிலேயே வெட்டிவிட்டால் நீர் ஓடும் வழி கண்ணுக்குத் தெரியும். தகரம் கழற்றுவது ஜனவரியில் தொடங்க வேண்டும், அதுவும் ஒரு நாளில் மூடக்கூடிய அளவு மட்டும். மே மாதத் தென்மேற்கு மழைக்குள் கூரை மூடவில்லை என்றால் உள்வேலை எதையும் தொடாமல் தார்ப்பாய் கட்டி, அடுத்த ஜனவரிக்குக் காத்திருங்கள்.